பெட்டைக்கு ஒரு பாக்கெட்

மார்ச் 2, ஞாயிறு

இந்த டைரி மயில்களுக்காக வாங்கியது. எந்தக் கூண்டில் எந்தப் பெட்டை எத்தனை முட்டை இட்டது, முட்டை எந்திரத்தில் சூடு எவ்வளவு, இவற்றை மட்டும்தான் எழுதுவேன் என்று சபதம் போட்டுப் போன வருடமும் ஒன்று வாங்கினேன். அதில் பாதிக்குமேல் வீட்டுக் கதைதான் இருக்கிறது. இதுவும் அப்படித்தான் போகும் என்று தெரிகிறது.

இன்று இரண்டு முட்டை. இதோடு பன்னிரண்டு.

சகுந்தலா அக்கா ஈப்போவிலிருந்து வந்து, கவினேஷுக்கு நாள் குறித்துவிட்டுப் போனாள். ஏப்ரல் 6, ஞாயிறு காலை, எங்கள் வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டு மொட்டையும் காதுகுத்தும். பிள்ளைக்குப் பதினோரு மாதம் முடிந்திருக்கும். என்னை வளர்த்தவள் அக்காதான், அதனால் அவள் குறித்த நாளை நான் மாற்றுவதில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டுமே, சேகர் வருவானா, அவனுடைய முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். என் மனைவி தவமலர் என்னைப் பார்த்தாள். அவளுடைய தம்பி அவன். வலி தேவலை, கட்டாயம் வருவான் என்று நான் சொன்னேன்.

அக்காவைப் பொறுத்தவரை அது முட்டிவலி. அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 4, செவ்வாய்

பதின்மூன்று முட்டைகளை எந்திரத்தில் வைத்தேன். சூடு 37.5. இருபத்தெட்டு நாள் கழித்து, ஏப்ரல் 1-ஆம் தேதி பொரிக்க வேண்டும். நல்ல தேதி பார்த்தீர்கள் போங்கள் என்று தவமலர் சிரித்தாள்.

சிரிக்கட்டும். இந்தத் தடவை என் மானம் அந்த எந்திரத்துக்குள் இருக்கிறது. தைப்பிங்கில் ஒரு சீனக் கிழவரிடம் இந்தச் சேவலை வாங்கினேன். பார்ப்பதற்குச் சாதாரண நீல மயில்தான். ஆனால் 'உள்ளே தேத்தண்ணி இருக்கிறது' என்று கிழவர் சாமி படத்தைத் தொட்டுச் சொன்னார். தேத்தண்ணி என்று நாங்கள் சொல்வது ஒரு நிறம். நீலம் இருக்க வேண்டிய இடமெல்லாம் நன்றாக ஆற்றிய பால் தேத்தண்ணியின் நிறத்தில் இருக்கும். அந்த நிறத்தில் ஒரு ஜோடி வைத்திருப்பவர்களை இந்த வட்டாரத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

வாங்க வருகிறவர்களுக்கு நான் இதைப் பாக்கெட் கணக்கில்தான் சொல்வேன். ஆண்மயிலுக்கு இரண்டு பாக்கெட். ஒன்றில் நீலத்தையும் இன்னொன்றில் தேத்தண்ணியையும் வைத்துக்கொண்டு, நீலத்தை மட்டும் வெளியே காட்டித் திரியும். பெட்டைக்கு ஒரே பாக்கெட், அதுவும் தகப்பன் கொடுத்தது. உள்ளே என்ன இருக்கிறதோ அதுதான் மேலேயும் தெரியும். ஆகவே, நீலப் பெட்டை என்றால் அது சுத்த நீலம். அதனிடம் ஒளித்து வைக்க இடமே கிடையாது. இந்தச் சேவல் உண்மையிலேயே ஒளித்து வைத்திருந்தால் குஞ்சுகளில் சில தேத்தண்ணியாக வரும். வருவதெல்லாம் பெட்டையாகத்தான் இருக்கும்.

பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். இந்தக் கணக்கை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒன்பது வருடம் கூண்டுக்குள் உட்கார்ந்து நானே கற்றுக்கொண்டேன்.

மார்ச் 7, வெள்ளி

கவினேஷுக்கு இரண்டு முட்டிக்குக் கீழேயும் நீலம் பாய்ந்திருக்கிறது. சிமெண்டுத் தரையில் தவழ்கிறான் அல்லவா. பாய் வாங்கிப் போட வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

பாய் போட்டாயிற்று. இன்று அவனைக் குளிப்பாட்டும்போது தவமலர் என்னைக் கூப்பிட்டாள். இரண்டு அக்குளுக்குக் கீழேயும் நாலு நாலு தடம். நேற்று அவனைத் தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடினேன். என் விரல்தான்.

"என்னங்க, சேகருக்கும் சின்ன வயசுல இப்படித்தான் இருக்குமாம். அப்பா சொல்லுவாரு" என்றாள்.

எழுதிவிடுகிறேன், என்ன ஆகப்போகிறது. சேகருக்கு இருப்பது முட்டிவலி இல்லை. ரத்தம் உறையாத வியாதி. சின்ன அடி பட்டாலும் மூட்டுக்குள் ரத்தம் கசிந்து வீங்கிவிடும். இருபத்தாறு வயதிலேயே வலது காலை இழுத்து நடக்கிறான், வாரம் தவறாமல் ஊசி போட்டுக்கொள்கிறான். கல்யாணம் பேசும்போது அவர்கள் வீட்டில் இதைச் சொல்லவில்லை. கல்யாணமாகி மூன்றாம் நாள் தவமலர் அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள். நான் அக்காவிடம் சொல்லவில்லை. பெண் வீட்டில் ஏதோ மறைக்கிறார்கள் என்று அக்கா அப்போதே முணுமுணுத்தாள். அவள் வாயில் விழுந்தால் தவமலர் இந்த வீட்டில் நிமிர்ந்து நடக்க முடியாது.

தவமலர் அலமாரியிலிருந்து அட்டையை எடுத்து வந்தாள். தீபாவளி சமயத்தில் முட்டை அட்டையின் பின்பக்கத்தில் நான் வரைந்து கொடுத்த படம். அவளுடைய அம்மா, அப்பா, அவள், சேகர், நான், கவினேஷ், எல்லாருக்கும் பாக்கெட் போட்டிருந்தேன்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். உங்கள் அம்மா சேகரைப் பெற்றபோது ரத்தம் நிற்காமல் இறந்தார். ஆக, அம்மாவின் ஒரே பாக்கெட்டில் அந்த வியாதி இருந்தது. அப்பா ஒரு பாக்கெட்டில் ஒளித்து வைத்திருந்தார். சேகருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்துவிட்டது. உனக்கு உன் அப்பாவிடமிருந்து நல்லது வந்தது. உனக்குக் கை அறுபட்டால் ரத்தம் நிற்கிறது. கவினேஷைப் பெற்றபோதும் ஒன்றும் ஆகவில்லை. ஒரே பாக்கெட், அதில் வியாதி இல்லை. உன்னிடம் இல்லாதது பிள்ளைக்கு எப்படிப் போகும்?

"அப்ப இன்னொண்ணு பொறந்தாலும் பயமில்லையா?"

"பத்து பெத்தாலும் பயமில்லை. நூத்துக்கு நூறு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஒன்று போதும், ஒன்று போதும் என்று வருடம் முழுக்கப் பயந்து செத்தவள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

முட்டைகளுக்கு விளக்கடித்துப் பார்த்தேன். பதின்மூன்றில் பத்து கூடியிருக்கிறது. மூன்று கூமுட்டை.

மார்ச் 19, புதன்

பிள்ளை நாற்காலிக் காலில் மோதி உதட்டுக்கு உள்பக்கம் பல் குத்திவிட்டது. அரிசி அளவுகூட இல்லாத காயம். காலை பத்து மணிக்கு ஆரம்பித்த கசிவு மூன்று மணிவரை நிற்கவில்லை. நிற்கும், பால் குடித்ததும் மறுபடி வரும். தவமலர் பஞ்சை மாற்றிக்கொண்டே இருந்தாள்.

கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். வாய்க்குள் பட்ட காயம் ஈரத்தில் ஆற நேரமாகும் என்று நர்ஸ் சொன்னாள். பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். "குடும்பத்துல யாருக்கும் ரத்த வியாதி இல்லன்னு போட்டிருக்கு. இல்லைதானே?" என்றாள். இல்லை என்றேன்.

புத்தகத்தில் அப்படி இருப்பது நான் சொன்னதால்தான். தவமலர் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது இதே கேள்வியைக் கேட்டார்கள். பக்கத்து நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். தவமலர் வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டு இல்லை என்றேன். பொய் என்று சொல்ல முடியாது. கணக்குப்படி அவளிடம் இல்லைதானே.

நாலு மணிக்கு நின்றுவிட்டது. பார்த்தீர்களா, நின்றுவிட்டது.

மார்ச் 23, ஞாயிறு

சேகர் வந்தான். காதுகுத்துக்குத் தாய்மாமன் சீராக இரண்டு சின்னத் தங்கக் கம்பியைக் கொண்டுவந்து காட்டினான். பஸ் நிலையத்திலிருந்து வீடுவரை நடந்தே வந்திருக்கிறான், மடையன். முட்டி பப்பாளிப் பழம் அளவுக்கு இருந்தது. தவமலர் திட்டிக்கொண்டே ஐஸ் வைத்தாள்.

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு விளையாடினான். பிறகு விளையாட்டை நிறுத்திவிட்டு, கையைத் தூக்கிப் பார்த்தான், காலைத் தூக்கிப் பார்த்தான், ஒரு நீலத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மெல்ல உருட்டினான். அடியில் சின்னக் கட்டி இருந்தது. அதை நான் கவனித்திருக்கவில்லை.

தவமலர் அடுப்படிக்குப் போனதும், "மச்சான், ஒரு பிளட் டெஸ்ட் எடுத்துரலாம்" என்றான். "எங்க டாக்டர் ரொம்ப வருஷமா மலர் அக்காவை ஒரு தடவை கூட்டிட்டு வரச் சொல்றாரு. அப்பா இருக்கிறவரைக்கும், வெளிய தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும்னு தட்டிக் கழிச்சாரு."

டாக்டர் என்றால் எல்லாரையும்தான் வரச் சொல்வார் என்றேன். பாக்கெட் கணக்கை முழுசாக விளக்கினேன். கூண்டுக்கே கூட்டிப்போய்ச் சேவலைக் காட்டிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கு மச்சான். ஆனா நான் மயில் இல்லையே" என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏழு பெட்டை, மூன்று சேவல், ஒன்பது வருடம், ஒரு தடவை தப்பாத கணக்கு. சரி, விசேஷத்துக்கு முன்னால் எடுக்கிறேன் என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன்.

மார்ச் 27, வியாழன்

சூடு 37.5. பந்தல்காரருக்குச் சொல்லியாயிற்று. பிள்ளைக்கு இன்று புதிதாக ஒன்றும் இல்லை. தினமும் ஆடையை அவிழ்த்து எண்ணிப் பார்க்கிறேன். தவமலருக்குத் தெரியாமல்தான் எண்ணுகிறேன். ஏன் எண்ணுகிறேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

பொரித்துவிட்டது! ஒன்பது குஞ்சு. அதில் மூன்று தேத்தண்ணி. ஈரம் காயும்போதே தெரிந்தது, மற்றதெல்லாம் பழுப்பு, இவை மூன்றும் பால் விட்ட நிறம். கிழவர் பொய் சொல்லவில்லை. என் கணக்கும் தப்பவில்லை. தவமலரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இந்த மூணும் பெட்டை. வளர்த்துப் பாக்க வேண்டியதே இல்லை, இப்பவே எழுதித் தரேன்" என்றேன்.

ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "அப்ப உங்க கணக்கு சரிதான்" என்றாள். இரண்டு தடவை சொன்னாள்.

இரண்டு வாரமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. இன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

பழுப்புக் குஞ்சு ஒன்றுக்குக் கால் அகண்டுபோய் நிற்க முடியவில்லை. மாட்டு டாக்டர் கஸ்தூரி வந்தார். எல்லாப் பிராணியையும் பார்க்கிறவர்தான், எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். சின்ன வயது, கலகலப்பானவர். இரண்டு காலையும் சேர்த்து டேப் ஒட்டி, நாலு நாளில் சரியாகிவிடும் என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். தேத்தண்ணிக் குஞ்சுகளைக் காட்டி, பாக்கெட் கதையைச் சொன்னேன். ரசித்துக் கேட்டார். "ரொம்ப அழகா சொல்றீங்கண்ணே. யூனிவர்சிட்டியில எங்களுக்கு இப்படிச் சொல்லித் தந்திருந்தா நான் ரெண்டு பேப்பர் ஃபெயிலாகியிருக்க மாட்டேன்" என்றார்.

"மனுசனுக்கும் இதே கணக்குத்தானே டாக்டர்" என்றேன்.

"ஐயோ, மனுசனுக்குத் தலைகீழ்லா! பறவைக்குத்தான் ஆணுக்கு ரெண்டு, பொண்ணுக்கு ஒண்ணு. நமக்கு ஆம்பளைக்குத்தான் ஒத்தைப் பாக்கெட், அதுவும் அம்மா கொடுக்கிறது. பொம்பளைக்கு ரெண்டு. வெளிய ஒண்ணுமே தெரியாம ஒளிச்சு வச்சிருப்பா. பையன் பொறந்தா அவன்கிட்ட வெளிய வந்துடும்."

குஞ்சைப் பெட்டிக்குள் வைத்தேன். வேறு யாருக்கோ கேட்பதுபோல, "ஒரு பொம்பளையோட தம்பிக்கு ரத்தம் உறையாத வியாதி இருந்தா?" என்றேன்.

"அதே கதைதான். அவங்க அம்மா ஒளிச்சு வச்சிருந்திருக்கலாம். அப்படின்னா அந்த அக்காவுக்கும் பாதிக்குப் பாதி. அவங்ககிட்ட இருந்தா, பொறக்கிற ஒவ்வொரு பையனுக்கும் பாதிக்குப் பாதி. ஒளிச்சு வச்சிருக்கிற பொம்பளைங்களுக்கேகூடப் பிரசவத்துல ரத்தம் அதிகமாப் போகலாம். யாருக்குண்ணே?"

"சும்மா. ஒருத்தர் கேட்டாரு."

குடிக்கத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். பிறகு கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். நீலப் பெட்டை வந்து என் செருப்பைக் கொத்திக்கொண்டிருந்தது. மாமியார் இறந்த விதத்தைக்கூட என் கணக்குக்குத் தோதாக மடக்கிப் போட்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது. வேறு எதை எழுதினாலும் பொய்.

ஏப்ரல் 4, வெள்ளி

குஞ்சுப் பெட்டி சூடு 35. ஒன்பதும் தீவனம் எடுக்கின்றன. கால் கட்டிய குஞ்சு நிற்கப் பார்க்கிறது. அக்கா வந்துவிட்டாள், வாடகைக்கு நாற்காலி நூற்றிருபது சொல்லியிருக்கிறாள்.

ஏப்ரல் 5, சனி

சூடு 35. பந்தல் போட்டாயிற்று. மத்தியானம் சேகர் போன் பண்ணினான். நாளைக் காலை ஏழு மணி பஸ்ஸில் வருகிறான். மழை வரும்போலத் தெரிகிறது.

ஏப்ரல் 7, திங்கள். ஈப்போ, பெரிய ஆஸ்பத்திரி

குழந்தைகள் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். துணிப்பையில் பிள்ளையின் புத்தகத்தோடு இந்த டைரியும் சேர்ந்து வந்துவிட்டது.

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை ஒன்பது மணிக்கு மொட்டை. சேகர் பட்டு வேட்டியில், காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டான். சவரக் கத்தி தலையில் ஓடிய பத்து நிமிடமும் நான் மூச்சு விட்டேனா என்று ஞாபகமில்லை. ஒரு கீறல்கூட இல்லை. சந்தனம் பூசினார்கள். அடுத்து பத்தர் கம்பியை எடுத்தார்.

அப்போது சொல்லியிருக்கலாம். காய்ச்சல் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை முழுக்க அந்தப் பொய்யைத்தான் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். நூற்றிருபது நாற்காலியும் நிறைந்திருந்தது. அக்கா தட்டோடு என் பக்கத்தில் நின்றாள். தவமலர் என்னைப் பார்த்துச் சிரித்தாள், என் கணக்கை நம்பிச் சிரித்தாள். பாதிக்குப் பாதிதானே, அதிலும் பாதிதானே, நாலில் மூன்று பங்கு நம் பக்கம் இருக்கிறதே என்று நினைத்தேன். பிள்ளையின் உடம்பில் கிடந்த நீலத்தை எல்லாம் எண்ணியவன், அவை ஒன்றும் இல்லாததுபோல அப்படி நினைத்தேன். வலது காது, பிறகு இடது காது. பிள்ளை வீறிட்டான். இரண்டு பக்கமும் ஒரு சொட்டுத்தான் வந்தது. துடைத்ததும் நின்றுவிட்டது.

நின்றுவிட்டது! எனக்கு அழுகை வந்தது. பந்தியில் போய் உட்கார்ந்து பாயசம்கூடக் குடித்தேன்.

பதினொன்றரை இருக்கும். பிள்ளை சேகரின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். "மச்சான், இங்க வாங்க" என்று மெதுவாகக் கூப்பிட்டான். அவன் சட்டைத் தோள் முழுக்க நனைந்திருந்தது. இரண்டு காதிலிருந்தும் மெல்ல, நிற்காமல் ஊறிக்கொண்டிருந்தது. இடது காது மடல் நாவல்பழம் அளவுக்குக் கறுத்து வீங்கியிருந்தது.

"ஐஸ் கொண்டாங்க. காடிய எடுங்க" என்றான். குரலை உயர்த்தவில்லை. இரண்டு கையாலும் இரண்டு காதையும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

அக்கா ஓடி வந்தாள். "என்னடா கூத்து இது, காது குத்துனா ரத்தம் வராதா? மஞ்சளை வச்சா நின்னுடும். பந்தி பாதியில கிடக்கு, எங்க கிளம்புறீங்க?"

"அக்கா, சேகருக்கு முட்டிவலி இல்லை" என்றேன். "ரத்தம் உறையாத வியாதி. பிள்ளைக்கும் வந்திருக்கு. கிளினிக்ல கேட்டப்ப நான்தான் இல்லன்னு சொன்னேன்." பந்தலில் எல்லாருக்கும் கேட்டிருக்கும். தவமலர் சோற்றுக் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

அக்கா தவமலரைத் திட்டுவாள் என்றுதான் இத்தனை வருடமும் பயந்தேன். அவள் யாரையும் திட்டவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து ஐஸைச் சுற்றி என் கையில் திணித்து, "நிக்காதடா, போ" என்றாள்.

ஈப்போவுக்குக் காரில் நாற்பது நிமிடம். பின் இருக்கையில் பிள்ளை தவமலரின் மடியில். சேகர் காதுகளை விடவே இல்லை. அவனுடைய வீங்கிய முட்டி முன் இருக்கையில் இடித்துக்கொண்டிருந்தது, அதையும் பொருட்படுத்தவில்லை. பாதி வழியில் கேட்டான்.

"டெஸ்ட் எடுத்தாச்சு, ஒண்ணுமில்லன்னு நேத்து போன்ல சொன்னீங்களே மச்சான்?"

சனிக்கிழமை மழையைப் பற்றி எழுதிய இடத்தில் இதை எழுதியிருக்க வேண்டும்.

"எடுக்கலை" என்றேன்.

"அப்ப சந்தேகம் இருந்துச்சா?"

"வியாழக்கிழமை தெரிஞ்சுது."

கண்ணாடியில் தவமலரின் முகம் தெரிந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மூச்சு வருகிறதா என்று.

ஆஸ்பத்திரியில் சேகரைப் பார்த்ததுமே நர்ஸுக்கு அடையாளம் தெரிந்தது. அவன்தான் எல்லாம் சொன்னான். பிள்ளைக்கு ஊசி மருந்து ஏற்றினார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கசிவு நின்றது. இந்தத் தடவை உண்மையாகவே நின்றது. நான் நம்பவில்லை, ராத்திரி பத்துத் தடவை போய்ப் பார்த்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அக்கா போன் பண்ணினாள். குஞ்சுகளுக்குத் தீவனம் வைத்தாளாம். எந்தத் தீவனம் என்று கேட்டேன், சொன்னாள், சரியானதுதான்.

ஏப்ரல் 9, புதன்

ரிசல்ட் வந்துவிட்டது. சேகருக்கு இருப்பதேதான், கடுமையான வகை. இனி வாரா வாரம் ஊசி. டாக்டர் அம்மாள் நிதானமாகப் பேசினார். ஒழுங்காக ஊசி போட்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், ஓடுகிறார்கள், மாமன் மாதிரி மூட்டு கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மேசை மேலிருந்த தாளில் படம் வரைந்தும் காட்டினார். என் படத்தைவிட மோசமாக வரைகிறார், ஆனால் ஆண் பெண் சரியான இடத்தில் இருந்தது.

"உங்க ரத்தத்தையும் பாத்துடுவோம்மா. அடுத்த குழந்தையைப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கிறது நல்லது" என்றார்.

தவமலர் தலையை ஆட்டினாள். பிறகு, "நாள் தள்ளி ஐம்பது நாளாச்சு டாக்டர்" என்றாள்.

எனக்குத் தெரியாது. அவள் என்னிடம் சொல்லவில்லை. காதுகுத்து முடிந்ததும் சொல்லலாம் என்றிருந்தாளாம். மார்ச் மாதம் அட்டையைக் கொண்டுவந்து இன்னொரு தடவை சொல்லுங்க என்று கேட்டபோது அவள் எதற்காகக் கேட்டாள் என்று இப்போது தெரிகிறது. நூற்றுக்கு நூறு என்று சொல்லி அனுப்பினேன்.

வெளியே வந்து இந்த பெஞ்சிலேயே உட்கார்ந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சேகர், மொட்டைத் தலையும் இரண்டு காதிலும் கட்டுமாக இருந்தவனுக்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தான். தம்பி பிறந்தபோது அம்மாவை இழந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்காகப் பயந்தேன், அவள் வயிற்றில் இருப்பதற்காகப் பயந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவளே கேட்டாள்.

"இதுக்கும் இருக்குமா?"

வாய் பழக்க தோஷத்தில் கணக்கைத் தொடங்கப் போனது. பையனாக இருந்தால் இத்தனை, பெண்ணாக இருந்தால் இத்தனை. அடக்கிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியலை மலர்" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று நாளில் முதல் தடவை.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்" என்றாள்.